51 தலை, 85 இலை: சுங்கை சிப்புட்டில் ஒரு தீபாவளிச் சாப்பாடு

2023 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில் எங்கள் வீட்டுத் தீபாவளி. காலை ஆறே முக்கால் இருக்கும். எண்ணெய் வைத்துக் குளித்த தலை ஈரம்கூடக் காயவில்லை, அம்மா அண்டாவின் மூடியைத் தூக்கினார். முகத்தில் அடித்தது புளித்த வாடை. குழம்பின் மேல் பொடிப் பொடியாக நுரை. முதல் நாள் இரவு பத்து மணிக்கு அடுப்பை அணைத்து, பத்திரமாக மூடி வைத்த ஆட்டுக் குழம்பு அது. படையலுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் 12 கிலோ கறி அதற்குள் இருந்தது.

"கொதிக்க வெச்சா சரியாப் போயிடும்டி," என்றார் பெரியம்மா. அம்மா பதில் சொல்லவில்லை. மூடியைத் திரும்ப வைத்துவிட்டுச் சாமி மேடைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். சித்தப்பாவும் நானும் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி எல்லாவற்றையும் கொட்டி மூடினோம். புதுச் சட்டையோடு மண்வெட்டி பிடித்த தீபாவளி.

அன்றைக்கு அது முதல் அடிதான். ஆட்டுக் கறி இல்லாததால் மதியத்துக்கு வைத்திருந்த கோழிப் பிரட்டல் காலையிலேயே தோசைக்குத் தொட்டுக்கொள்ளப் போனது. 12.30க்கு நெய்ச்சோறு தீர்ந்தது. இரண்டாவது உலை வைக்கும்போது கேஸ் தோங் (சிலிண்டர்) காலி. கடைகள் பாதி மூடியிருந்தன. 2 மணிக்கு ஈப்போவிலிருந்து வந்த மாமா குடும்பம் முறுக்கும் சோடாவும் சாப்பிட்டுவிட்டு, "பசியே இல்லக்கா" என்று பொய் சொல்லிக் கிளம்பியது. அந்தப் பொய்தான் அம்மாவை அதிகம் சுட்டது.

நான் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை செய்கிறேன். என்ன வந்தது, என்ன போனது, ஏன் குறைந்தது என்று எழுதுவதே பிழைப்பு. அதனால் அந்த மண்டே லீவில் (ஞாயிறு தீபாவளிக்குத் திங்கள் மாற்று விடுமுறை) ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நடந்ததை வரிசையாக எழுதினேன். கீழே வருவது அந்த நோட்டும், அதை வைத்து 2024ல் செய்த மாற்றமும்.

எங்கள் வீடு, எங்கள் ஊர்

சுங்கை சிப்புட் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கும் கோலக்கங்சாருக்கும் நடுவில் பழைய பெரிய சாலையில் இருக்கிறது. முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனின் ஊர் என்றால் மலேசியத் தமிழர் பலருக்கும் தெரியும். சுற்றிலும் தோட்டங்கள். முன்பு பால்மரம் (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). எங்கள் பாட்டி நாற்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) விட்டு டவுனை ஒட்டிய தாமான் என்கிற குடியிருப்புக்குக் குடும்பம் வந்தது என் சின்ன வயதில். வரிசை வீடு, மூன்று அறை, பின்பக்கம் தகரம் இறக்கிக் கட்டிய அடுப்படி, ஒரே ஒரு ஐஸ் பெட்டி. தீபாவளிக்குக் கூடுகிற சொந்தம் முழுக்க இந்த ஒரு வீட்டுக்குத்தான் வரும். பாட்டி இங்கே இருக்கிறார் அல்லவா.

2023ல் எதிர்பார்த்தது 30 பேர். வந்தது 43. "அதான், ஆள் கூடிப்போச்சு" என்று எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிட்டார்கள். நோட்டில் எழுதிப் பார்த்தபோது அது பாதிக் காரணம்கூட இல்லை.

அண்டா செய்த வேலை

முதலில் கெட்டுப்போன கறி. அம்மா சமையலில் ஒரு குறையும் இல்லை. நன்றாக வெந்தது, நன்றாகக் கொதித்தது. தவறு அதற்குப் பிறகு. 15 கிலோ கறியை ஒரே அண்டாவில் சமைத்து, தேங்காய்ப்பாலும் ஊற்றி, மூடி வைத்தோம். அவ்வளவு கெட்டியான குழம்பு வெளியே ஆறினாலும் நடுவில் விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருக்கும். கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்து கொதியிலும் சாகாது. குழம்பு ஆறி 50 டிகிரிக்குக் கீழே வந்ததும் முளைக்கும். 43லிருந்து 47 டிகிரி வரை அதற்குத் தலை தீபாவளி மாதிரி. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகப் பெருகும். புளிக்க வைக்கிற மற்றக் கிருமிகளுக்கும் அந்தச் சூடு பிடித்தமானதுதான். நம் ஊர் ராத்திரியே 24, 25 டிகிரி. மூடி போட்ட அண்டா ஒரு அடைகாக்கும் கோழி.

பெரியம்மா சொன்ன யோசனை எல்லா வீட்டிலும் உண்டு, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். மறுபடி கொதிக்க வைத்தால் கிருமி சாகலாம். சில கிருமிகள் அதற்கு முன்பே விட்டுவைத்த நஞ்சு சாகாது. ஆறிய சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் விடுகிற, வாந்தியெடுக்க வைக்கும் நஞ்சு கொதிக்கிற தண்ணீருக்கு அசையவே அசையாது. 12 கிலோவைப் புதைத்தது வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் அன்று எடுத்த முடிவுகளில் சரியான ஒன்று அதுதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பாட்டி காலத்தில் ஐஸ் பெட்டியே கிடையாதே, அப்போது கெடவில்லையா? பாட்டியிடமே கேட்டேன். சிரித்தார். "அன்னிக்கு ஏதுடா அண்டா? ஆளுக்கு ஒரு கூறு கறி. சட்டியில வெச்சா சாயங்காலத்துக்குள்ள சட்டி வழிச்சாச்சு." என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார், நான் பேத்தி என்றாலும்.

லயத்துக் கணக்கு

பாட்டி சொன்னதை அன்று முழுக்கக் கேட்டேன். இந்த நிகழ்வின் சாவி அங்கேதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

தோட்டத்தில் எட்டுப் பத்துக் குடும்பம் சேர்ந்து ஓர் ஆடு வாங்கும். தீபாவளிக்கு முதல் நாள் அறுத்து, வாழையிலை விரித்துக் கூறு போடுவார்கள். எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் எல்லாக் கூறிலும் விழ வேண்டும். அதைப் பிரிப்பதற்கென்றே கைப்பக்குவம் உள்ள ஒரு கிழவர் இருப்பார். விருந்தாளி வருவது லயத்துக்கு, ஒரு வீட்டுக்கு அல்ல. முதல் வீட்டில் இட்லி, நாலாவது வீட்டில் கறி, கடைசி வீட்டில் பாயசம். ஒரு வீட்டில் சோறு தீர்ந்தால் பிள்ளையைக் கிண்ணத்தோடு அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். நாற்பது பேர் வந்தாலும் பத்து அடுப்பு எரிந்தது.

தாமானுக்கு வந்த பிறகு நாற்பது பேர் அப்படியே வந்தார்கள். அடுப்பு மட்டும் ஒன்றாகிவிட்டது. பத்துச் சட்டியில் இருந்தது ஒரே அண்டாவுக்குள் போனது. கெட்டது கறி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தலைக்கணக்கும் இலைக்கணக்கும்

சோறு தீர்ந்தது வேறு கதை. 30 பேருக்கு என்று 5 கிலோ பாஸ்மதி போட்டோம். ஆளுக்கு 100 கிராம் அரிசி என்றால் 50 சாப்பாடு வரும், தாராளம்தானே? ஆனால் ராத்தங்கி இருக்கிற நாங்கள் பதினான்கு பேர் காலையும் சாப்பிடுவோம், மதியமும் சாப்பிடுவோம், இரவும் சாப்பிடுவோம். ஈப்போ மாமா ஒரு வேளைதான் சாப்பிடுவார். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) வந்தால் ஒரு முறுக்கும் அரைக் கரண்டிச் சோறும். இவர்கள் எல்லோரையும் 'ஒரு ஆள்' என்று எழுதினால் கணக்கு எப்படி நேராகும்?

ஆகவே 2024க்குத் தலையை எண்ணுவதை விட்டுவிட்டு இலையை எண்ணினோம். யார், எந்தப் பந்தியில், எத்தனை முறை உட்காருவார்கள்? வீட்டிலும் ராத்தங்குகிறவர்களிலும் 14 பேர். காலை, மதியம், இரவு, 42 இலை. ஈப்போ, செம்மோர், கோலக்கங்சார் சொந்தம் 20 பேர். மதியம் மட்டும், ஆனால் அதில் 6 பேர் இரவு வரை இருப்பார்கள், 26 இலை. மூன்று மணி வாக்கில் வரும் அக்கம்பக்கத்தார், தம்பியின் நண்பர்கள் 17 பேர். மொத்தம் 51 தலை, 85 இலை. காலைப் பந்தி 14, மதியம் 34, பிற்பகல் 17, இரவு 20.

இதைப் பார்த்ததும் சந்தைக்குப் போகிற பட்டியலே மாறியது. எலும்போடு ஆட்டுக் கறி காலைக்கு இலைக்கு 120 கிராம் (பாதிப் பேருக்குக் குழம்பு போதும்), மதியத்துக்கு 150, பிற்பகலுக்கும் இரவுக்கும் 100. கூட்டினால் பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கறி சாப்பிடாத நால்வரைக் கழித்துப் பத்து என்று வைத்தோம். படையலுக்குத் தனியாக 2. ஆக 12 கிலோ. 2023ஐ விட 21 பேர் அதிகமாக எதிர்பார்த்துக்கொண்டு 3 கிலோ குறைவாக வாங்கினோம். பண்டிகைக் காலத்தில் அரசாங்கம் அறிவிக்கிற உச்சவரம்பு விலைப் பட்டியலில் எலும்போடு கூடிய இறக்குமதி ஆட்டிறைச்சியும் சின்ன வெங்காயமும் வழக்கமாக இருக்கும். அதைக் கடைக்காரரிடம் காட்ட வேண்டிய அவசியம் வரவில்லை, ஆனால் கைப்பேசியில் தயாராக வைத்திருந்தேன்.

அரிசி 7 கிலோ. ஒரே உலையில் இல்லை. மதியத்துக்கு மூன்றரை, பிற்பகலுக்கு ஒன்றரை, இரவுக்கு இரண்டு.

நாள் பார்த்ததில் ஒரு சிக்கல்

2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழன். மறுநாள் வெள்ளி, அமாவாசை வேறு. சனிக்கிழமை கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. அத்தை எப்போதுமே சைவம். அம்மா வெள்ளிக்கிழமை கறி தொட மாட்டார். இரண்டு அக்காமார் சஷ்டி இருப்பவர்கள். 'மிஞ்சினால் நாளைக்குச் சாப்பிடலாம்' என்கிற வழக்கமான தைரியம் இந்த வருடம் செல்லாது. வியாழன் இரவு சட்டி காலியாக வேண்டும்.

இதற்கு நேர் எதிராக புதன்கிழமை மாலைப் படையல். இறந்துபோன தாத்தாவுக்குப் பிடித்த ஆட்டுக் கறி, கருவாட்டுக் குழம்பு, வெற்றிலைப் பாக்கு, ஒரு பாட்டில் கருப்பு பீர். படையல் முடியும்வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது, உப்பு சரியா என்று நாக்கில் வைக்கக்கூட முடியாது. பெரிய சமையலையும் இதையும் ஒரே சட்டியில் முடித்தால் 45 வெள்ளி (ரிங்கிட்) கேஸ் மிச்சமாகும் என்பது மாதிரி அப்பா ஒரு கணக்குச் சொன்னார். (ஒரு 14 கிலோ தோங்கே அப்போது 30 வெள்ளிக்குள்தான். அப்பாவின் கணக்குகள் அப்படித்தான்.) படையலுக்கு 2 கிலோ தனிச் சட்டி என்று முடிவானது.

மீதிக் கறிக்கு மூன்று வழி பேசினோம். எல்லாவற்றையும் காலை நாலு மணிக்கு எழுந்து சமைப்பது. எண்ணெய்க் குளியலும் பூஜையும் இருக்கும்போது முடியாது. ராத்திரி அரைவேக்காடாக வைத்துக் காலையில் முடிப்பது. இதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்றேன், ஏனென்றால் அரைவேக்காடு என்றால் கிருமி சாகாமல் சூடு மட்டும் ஏறிய கறி; அண்டாவை விட மோசம். மூன்றாவதைத்தான் எடுத்தோம். காலைப் பந்திக்கு வேண்டிய 2 கிலோவை மட்டும் புதன் இரவு முழுதாகச் சமைத்து, தேங்காய்ப்பால் ஊற்றாமல், இரண்டு அகலமான தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஐஸ் தண்ணீரில் தட்டை நிறுத்தி ஆற்றினோம். 60 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள் என்பது சமையல் தொழிலில் உள்ளவர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. என்னிடம் குத்திப் பார்க்கிற ஒரு வெப்பமானி இருந்தது. தட்டு ஐம்பது நிமிடத்தில் 21ஐத் தொட்டது. மற்ற 8 கிலோ மசாலா தடவி ஐஸ் பெட்டியில் பச்சையாகவே தூங்கியது. காலை 8க்கு 5 கிலோ, பிற்பகல் 1 மணிக்கு 3 கிலோ, புதிதாக அடுப்பேறியது. சமைத்ததை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு விருந்துகளுக்குச் சொல்லும் விதி அப்படித்தான் பெரும்பாலான பந்திகளோடு பொருந்தியது.

அம்மாவின் கோபம்

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. கஷ்டமானது அடுப்பைப் பிரிப்பது.

ஒரே வீட்டில் 85 இலைக்குச் சமைக்க வேண்டாம், லயத்தில் செய்தது போல நாலு வீட்டுக்குப் பிரிப்போம் என்று அக்டோபர் தொடக்கத்தில் சொன்னேன். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டுட்டு, நீ ஒரு சட்டி கொண்டா, நீ ஒரு சட்டி கொண்டான்னு கேக்கறதா? ஊரு சிரிக்கும்." இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவருக்குப் பிரிப்பது போன வருடத் தோல்வியை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்வது மாதிரி. எனக்கு அது முதலில் புரியவில்லை. ஸ்டோர்காரி மூளை, சரக்கைப் பிரித்தால் போதும் என்று நினைத்தது.

பாட்டிதான் முடித்து வைத்தார், அதுவும் வெற்றிலை மடித்துக்கொண்டே. "லயத்துல எந்த வீட்டுக் கறின்னு எவன் கேட்டான்? எல்லாம் ஒரே வீட்டுக் கறின்னு சாப்ட்டுட்டுப் போனான்." அம்மா ஒரு நிபந்தனை போட்டார்: பரிமாறுவது அவர் கையால். சரி என்றோம்.

பிரிவினை இப்படி அமைந்தது. ஆட்டுக் கறியும் சோறும் அம்மா வீட்டில். கோழிப் பிரட்டல் இரண்டு சந்து தள்ளி சித்தி வீட்டில். முஸ்லிம் கடையில் வாங்கிய கோழி, பன்றி படாத குவாலி (வாணலி). சைவம் முழுக்க அத்தை வீட்டில்: சாம்பார், கத்தரிக்காய்ப் பிரட்டல், கூட்டு, பாயசம். 2023ல் ஒரே கரண்டி எல்லாச் சட்டிக்கும் போய் வந்ததால் அத்தை மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை. இம்முறை அத்தையின் சட்டிகள் தனி மேசையில், தனிக் கரண்டியோடு.

கடைசியாக உள்ளூர் மாமாவின் காட்டுப்பன்றி. தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது விளக்க வேண்டாத விஷயம். விறகடுப்பில் மிளகு தூக்கலாக மாமா செய்கிற பிரட்டலுக்காகவே கோலாலம்பூரிலிருந்து வருகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் மலாய் அக்கம்பக்கத்தார் வருகிற வீட்டில், அவர்கள் தயங்காமல் உட்கார வேண்டும் என்றால், அது வாசலுக்குள் வரக் கூடாது. மாமா வீட்டுக் கொல்லையில் சமைத்து, இரவு அங்கேயே சாப்பிடுவது என்று ஏற்பாடு. மாமா கொஞ்சம் முணுமுணுத்தார். சோறு வேக வைக்க பெரிய ரைஸ் குக்கரை இரவல் தந்தது பக்கத்து வீட்டு மக்சிக்தான் என்பதை நினைவுபடுத்தியதும் முணுமுணுப்பு நின்றது.

பலகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முறுக்கும் ஓமப்பொடியும் இரண்டு வாரத்துக்கு முன்பே டின்னில் போயின. நெய் உருண்டை கடைசி வாரம். கெட்டி உருண்டை வாங்கியது.

அன்றைக்கு நடந்தது

காலைப் பந்தி நேரத்துக்கு எழுந்தது. கறியைச் சூடாக்கும்போது தேங்காய்ப்பால் ஊற்றினோம், யாருக்கும் முதல் நாள் கறி என்று தெரியவில்லை. தோசை மாவுதான் காலை வாரியது. புழுக்கமான இரவு, பொங்கி வழிந்து நல்ல புளிப்பு. சர்க்கரையும் கொஞ்சம் அரிசி மாவும் சேர்த்துச் சமாளித்தோம். மாவு வேலையை நோட்டில் நான் எழுதவே இல்லை, யார் அரைப்பது என்றுகூட.

மதியப் பந்தியில் 34க்கு 39 பேர். பினாங்கிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஒரு குடும்பம். முன்பென்றால் கைகால் உதறியிருக்கும். பிற்பகலுக்கு வைத்திருந்த ஒன்றரைக் கிலோ அரிசி அப்போதே குக்கரில் ஏறியது, இருபத்தைந்து நிமிடத்தில் சோறு. அதுவரை அத்தையின் பாயசம் ஓடியது. சிறு சிறு உலையாக வைத்ததன் பலன் அங்கேதான் தெரிந்தது. பிற்பகலுக்கு வேண்டியதை இன்னும் இரண்டு கிலோ அரிசி வாங்கிவந்து ஈடுகட்டினோம்.

நாலு மணிக்கு மழை. அக்டோபர் கடைசியில் பேராக்கில் மாலை மழை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் வாடகைக்கு எடுத்த கூடாரம் வாசல் பக்கம் சாய்ந்து தண்ணீரைத் திண்ணைக்கே அனுப்பியது. மக்சிக் குடும்பமும் எதிர் வீட்டுச் சீன அங்கிளும் எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றே சாப்பிட்டார்கள். இந்தப் பந்தி திட்டத்தில் தோற்றது என்றுதான் எழுத வேண்டும். ஆனால் ஒருவரும் சீக்கிரம் கிளம்பவில்லை, மழை விட்ட பிறகும்.

கேஸ் தோங் மாலை ஐந்தரைக்குத் தீர்ந்தது. இன்னொன்று பின்னால் நின்றது. மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான்.

இரவு எண்ணிப் பார்த்தபோது 58 தலை, 91 இலை. மிஞ்சிய ஆட்டுக் கறி முக்கால் கிலோ இருக்கும். சின்ன டப்பாவில் பிரித்து சித்தி வீட்டு உறைபெட்டிக்குப் போனது. செலவு போன வருடத்தை விட சுமார் 200 வெள்ளி குறைவு, புதைத்த கறி இல்லாததால். ஈப்போ மாமா இரண்டு முறை சோறு வாங்கினார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தை வீட்டுச் சாம்பாரைச் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா நோட்டைக் கேட்டார். கடைசிப் பக்கத்தில் அவரே எழுதினார்: 2025 அக்டோபர் 20, திங்கள். மாவு சின்ன மருமகள். கூடாரம் வேண்டாம். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார்.

"திங்கள்னா இதுங்க எல்லாம் சனிக்கிழமையே வந்து எறங்கிடுமே," என்றார். "அப்ப எல எத்தனை?"